படம் காட்டிய சப்பான்காரன்

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது சில இடங்களில் இலவசப் படக்காட்சி என்று அறிவித்தார்கள். வேலை இல்லை, அரிசி இல்லை, கட்டிக்கொள்ளத் துணி இல்லை. சும்மா காட்டுகிற படத்தையாவது பார்ப்போமே என்று ஆட்கள் போனார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்த ஆண்களை அப்படியே கொண்டுபோய் ரயிலேற்றி சயாமுக்கு அனுப்பினார்கள். சயாம்-பர்மா ரயில்பாதை பற்றிய ஆங்கில நூல்களில், ஆள் பிடித்த விதங்களைச் சொல்லும் இடத்தில் இந்தச் செய்தி வரும். இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டுவது சிரமமாக இருக்கிறது. 'படம் காட்டுறான்' என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். "படம் காட்டுறேன்னு கூப்பிட்டான், சயாமைக் காட்டிட்டான்" என்று தோட்டத்துக் கிழவர் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் சிரித்துவிடுவார். சிரித்து முடிப்பதற்குள், அந்தக் கொட்டகைக்குப் போன அண்ணன் திரும்பி வரவே இல்லை என்பதும் காதில் விழுந்துவிடும். சிரிப்பும் சாவும் ஒரே வாக்கியத்தில், ஒரே மூச்சில். ஜப்பான்காலத்துக் கதைகளைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கியதும், சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்ததும், கும்பிடு போடாததற்கு வாங்கிய அறையும் வேடிக்கையாகவேதான் சொல்லப்படும். சொல்கிறவர் நடித்துக்கூடக் காட்டுவார். நடுவில் எங்கோ குரல் இறங்கும். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொள்வார்.

சினிமாவுக்கு மட்டும் இந்தத் தொனி ஏன் கைகூடவில்லை? பேராக்கில் நடந்த போரையும் அதன் பின்விளைவையும் தொட்ட படங்களை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது.

அந்தப் போரே பாதி கேலிக்கூத்தாகத்தான் இங்கே நுழைந்தது. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் கடுஞ்சண்டை. ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் சில மணி நேரத்துக்குள் ஜப்பானிய டாங்கிகள் இரண்டு பிரிகேடுகளைச் சின்னாபின்னமாக்கின. ஆனால் அந்தப் படையில் பெரும்பகுதி வந்தது சைக்கிளில். வெயிலில் டயர் வெடித்துப்போனால் வெறும் இரும்பு ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நூற்றுக்கணக்கான ரிம்கள் தார்ச்சாலையில் உரசி எழுந்த இரைச்சலை இரவில் கேட்டு, டாங்கி வருகிறது என்று எதிர்ப்படையினர் பின்வாங்கியதாக ஜப்பானியத் தரப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சாகாவரம் பெற்ற சாம்ராஜ்யம் ஓட்டைச் சைக்கிள் சத்தத்துக்குப் பயந்து ஓடியது. நேற்றுவரை அந்தச் சாம்ராஜ்யத்தின் தொரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை இருந்திருக்க முடியாது.

பிறகு வந்தவர்கள் கடிகாரத்தில் கை வைத்தார்கள். தோக்கியோ நேரம்தான் இனி மலாயா நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று. விடியுமுன்பே பெரட்டுக்குப் போய் நிற்கிற சனத்துக்கு விடியலே தள்ளிப்போனது. 1942 என்பது 2602 ஆனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜப்பானியத் தேசியகீதம் பாடினார்கள். வாழைக்குலை படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு வந்தது. கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்ததில், கடைசியில் சாமான் வாங்கப் பை நிறையக் காசு கொண்டுபோய்க் கை நிறையச் சாமானோடு திரும்பினார்கள். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாது என்றான். மூன்றரை வருடக் கூலி ஒரே நாளில் வெறும் வாழைமரப் படமாகிவிட்டது.

இத்தனைக்கும் அடியில் ஒரு பொருளாதாரக் காரணம் ஓடிக்கொண்டிருந்தது. மலாயா ரப்பரை வாங்கியது அமெரிக்காவும் ஐரோப்பாவும். போர் வந்ததும் அந்தச் சந்தை போயிற்று. ஜப்பானுக்கு அவ்வளவு ரப்பர் தேவைப்படவில்லை. பால்மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. லயங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சும்மா இருந்த ஆட்கள்மேல்தான் ரயில்பாதைக்காரர்களின் கண் விழுந்தது. முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். திரும்பி வருபவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் ஆசைக்கு மசிய ஆள் இல்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். யார் பெயரைக் கொடுப்பது என்பது கிராணிமார் கையில் இருந்தது. அந்தப் பட்டியல்கள் கிளப்பிய பகை போர் முடிந்த பிறகும் தோட்டங்களில் கிடந்து புகைந்தது. எதுவும் போதாமல் போனபோதுதான் சாலையில் போகிறவனைப் பிடிப்பதும், கொட்டகைக் கதவைச் சாத்துவதும் நடந்தன.

415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் உழைத்து, 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, அதில் பெரும்பான்மை தமிழர்கள். செத்த ஆசியர்களை 90,000 என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். காலரா வந்த முகாம்களில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குப் புல்வெளியும் கல்லும் இருக்கிறது. நம் ஆட்கள் காட்டோடு போனார்கள்.

இந்த ரயில்பாதையை உலகத்துக்குச் சொன்ன படம் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்'. 1957இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதை வீர சாகசப் படமாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். உண்மையில் அதன் எலும்பு கறுப்பு நகைச்சுவை. கைதியாகப் பிடிபட்ட ஆங்கிலக் கர்னல் ஒருவர் தன் ராணுவ ஒழுங்கின் மேல் உள்ள பிடிவாதத்தால் எதிரிக்கு எதிரியைவிடச் சிறப்பாகப் பாலம் கட்டிக்கொடுக்கிறார். கடைசியில் தன் பக்கத்து ஆட்களே அதைத் தகர்க்க வரும்போது பாலத்தைக் காப்பாற்றத் துடிக்கிறார். கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு வரும் அந்தப் பிரபலமான மெட்டுக்குச் சிப்பாய்கள் பாடிய வார்த்தைகள் ஹிட்லரின் அந்தரங்க உறுப்பைக் கேலி செய்பவை. படத்தில் வார்த்தையை எடுத்துவிட்டுச் சீட்டியை மட்டும் வைத்தார்கள்.

மூல நாவலை எழுதிய பியர் பூல் யார் என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. அந்தப் பிரெஞ்சுக்காரர் 1930களின் கடைசியில் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் தமிழர்கள் வரிசையாக நிற்பதைத் தினமும் பார்த்திருப்பார். தோட்டக் கம்பெனிகளின் கிறுக்குத்தனமான நிர்வாகத்தைக் கிண்டலடித்து 1951இல் ஒரு நாவலே எழுதினார். அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் க்வாய் நாவல். தோட்டத்தையும் தெரியும், கிண்டலும் தெரியும். ஆனால் தோட்டத்து ஆட்கள் போய்ச் செத்த ரயில்பாதையை எழுதும்போது அவருடைய கிண்டல் முழுவதும் ஒரு கர்னலின் தலைக்குள் நடக்கிறது. டேவிட் லீன் அதைப் படமாக்கியபோதும் பாலம் கட்டும் வேலை கைதிகளுடையதாகவே இருந்தது. படம்பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல. அங்கிருந்து மேலே ஏறினால் மலையகத் தோட்டங்கள், தமிழர் லயங்கள். கேமரா அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

போர் முடிந்து மூன்று வருடத்தில் இன்னொரு போர், இந்தத் தடவை கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷாருக்கும். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தொரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த பன்னிரண்டு வருடத்தை அரசாங்கம் போர் என்று சொல்லவில்லை, 'அவசரகாலம்' என்றது. போர் என்று ஒப்புக்கொண்டால் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நட்டஈடு தராது என்பதே காரணம் என்று பல வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கிராமத்தையே பெயர்த்துக் கொண்டுபோய் முள்கம்பிக்குள் வைக்கலாம், ஆகாயத்திலிருந்து குண்டு போடலாம், பாலிசி மட்டும் காலாவதியாகக் கூடாது! இதைவிட நல்ல கறுப்பு நகைச்சுவையை எந்தத் திரைக்கதையாசிரியர் எழுதிவிடப் போகிறார்?

எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள்தான், வேறு திசையில். 1969இல் வந்த 'தி வெர்ஜின் சோல்ஜர்ஸ்' கட்டாய ராணுவச் சேவைக்காக இங்கே அனுப்பப்பட்ட பையன்களின் பாலியல் தவிப்பைச் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டே போய், ரயில் தாக்குதலில் கொண்டுபோய் நிறுத்தும். 1982இல் வந்த 'பிரைவேட்ஸ் ஆன் பரேட்' அதைவிடத் துணிச்சலானது. நாடகமாக எழுதிய பீட்டர் நிக்கல்ஸ் சிங்கப்பூரில் ராணுவப் பொழுதுபோக்குக் குழுவில் இருந்தவர். பெண் வேடம் கட்டி ஆடிப்பாடும் சிப்பாய்களை, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான புனிதப் போரில் இறங்கிவிட்ட மேஜர் ஒருவர் காட்டுக்குள் அனுப்பிவைக்கிறார். உதட்டுச் சாயத்தோடு அவர்கள் நிஜத் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். ஜான் க்ளீஸ் மேஜராக நடித்திருக்கிறார். இந்தப் படம் எனக்குப் பிடிக்கும். ஒரு காரணம், தன் சிரிப்பு யாருடையது என்று அதற்குத் தெரியும். மூல நாடகத்தில் இரண்டு சீனப் பணியாளர்கள் வருவார்கள், வாயைத் திறக்கவே மாட்டார்கள். நிக்கல்ஸ் தெரிந்தே வைத்த மௌனம் அது. வெள்ளைக்காரர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது கதையின் முடிவை நகர்த்துபவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஆனாலும் அவர்களுக்குள் என்ன பேசிச் சிரித்துக்கொண்டார்கள் என்பது நமக்குக் கேட்காது.

அந்தப் பக்கத்துச் சிரிப்பு கேட்க வேண்டுமானால் ஈப்போவிலிருந்து பப்பானுக்குப் போக வேண்டும். சிபில் கார்த்திகேசு மருத்துவச்சி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழர். ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தவர்கள், போர் வந்ததும் ஈயச் சுரங்க ஊரான பப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள். இரவில் கொல்லைப்புறமாக வரும் கெரில்லாக்களின் காயத்துக்கு மருந்து கட்டினார் சிபில். வீட்டில் ரகசியமாக வானொலி வைத்து லண்டன் செய்தி கேட்டார்கள். பிடிபட்டால் தலை போகும். அந்த வானொலிக்கு அவர்கள் வைத்த பெயர் ஜோசஃபின். வீட்டில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். கென்பெய்தாய் வாசலுக்கு வெளியே இருக்கும்போது ஒரு குடும்பம் கண்டுபிடித்த நகைச்சுவை இது.

1943இல் சிபில் பிடிபட்டார். ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் சித்திரவதை. சின்ன மகள் டாவ்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பேசச் சொன்னான் யோஷிமுரா. ஜோசஃபின் என்று பெயர் வைத்தவளும் அந்த நெருப்புக்கு முன்னால் நின்றவளும் ஒரே பெண். 1948 ஜூன் 12ஆம் தேதி, சுங்கை சிப்புட் கொலைகளுக்கு நான்கு நாள் முன்பு, பிரிட்டனில் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்பு 1954இல் நூலாக வந்தது. 2010இல் ஆஸ்ட்ரோவில் அவர் கதை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. உறவுமுறைப் பேத்தியான எலைன் டேலி சிபிலாக நடித்தார். தொடரின் பெயர் 'அபா டோசாக்கு', அதாவது 'நான் செய்த பாவம் என்ன'. நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பிலேயே அந்த அம்மாவைக் கண்ணீரோடு நிற்க வைத்துவிடுகிறோம். எதிரியை ஏய்த்துவிட்டு வீட்டுக்குள் சிரித்தவருக்கு அந்தத் தலைப்பு பொருந்தவில்லை.

தமிழ்ச் சினிமாவுக்குச் சிரிப்புப் பஞ்சம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் அது தனிப் பெட்டியில் பயணம் செய்யும். 1945இல், இங்கிருந்து போனவர்கள் சயாம் காட்டில் கிடந்தபோது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி' எடுத்தது. டி.ஆர். சுந்தரம் தானே ஜப்பானியத் தளபதியாக வேடம் கட்டினார். பிரிட்டிஷ் அரசு ஃபிலிம் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு போர்ப் பிரச்சாரப் படம் எடுக்கச் சொன்ன காலம். அன்றிலிருந்து இன்றுவரை நம் படங்களில் பெரும்பாலும் நகைச்சுவை நடிகர் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார், பிறகு நாயகன் வந்து அழுவார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்வது அபூர்வம்.

எழுத்தில் அது நடந்திருக்கிறது. ப. சிங்காரம் 1938இல் மேடானுக்குப் போய், போர்க்காலம் முழுக்க இந்தப் பக்கம் இருந்து, 1946இல் ஊர் திரும்பியவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வந்தது. வட்டிக்கடைப் பையன்களின் அரட்டை, பழைய இலக்கியத்தைக் கேலி செய்யும் நடை, மதுரை நினைவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜப்பான்காரன் வெட்டி வைத்த தலைகள் வருகின்றன. சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் தலைகளைக் காட்டுவதில்லை. அதே குரல், அதே வேகம். அந்த நாவலில் வருபவர்கள் நகரத்துக் கடைப்பையன்களும் ஐ.என்.ஏ. வீரர்களும். பால்மரம் வெட்டியவர்களை எழுத ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று இங்கேயே நாவல்கள் வந்தன. அவை துயரத்தின் பக்கம் நின்றவை. முதலில் அழுதுதான் தீர வேண்டும், அதில் தப்பில்லை.

செத்தவர்களை வைத்துச் சிரிப்பதா என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்த சாப்ளினே, வதைமுகாம்களில் நடந்தது முழுவதும் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். ஆனால் சாப்ளின் முகாமுக்குள் இருந்தவர் இல்லை. தோட்டத்துக் கிழவர் உள்ளே போய்விட்டு வந்தவர். அவர் எல்லாம் தெரிந்துதான் சிரிக்கிறார். அவருடைய சிரிப்பை நீக்கிவிட்டுக் கண்ணீரை மட்டும் படம் பிடித்தால், அவர் வெறும் ஏமாந்தவராக, பிடித்துக்கொண்டு போகப்பட்டவராக மட்டுமே திரையில் மிஞ்சுவார். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு அன்றே புரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் கேலிதான். அப்படிச் சொல்லத் தெரிந்த ஆட்கள் இப்போது ஏறக்குறைய இல்லை. தோட்டங்களும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன.

பேராக் மண்ணில் அந்தத் தொனியை முயன்று பார்த்த படம் ஒன்று உண்டு. அமீர் முகமதுவின் 'லெலாகி கொமுனிஸ் தெராக்கிர்', கடைசிக் கம்யூனிஸ்ட். சித்தியவானில் 1924இல் பிறந்த சின் பெங்கின் வாழ்க்கைத் தடத்தில் ஊர் ஊராகப் போகும் ஆவணப்படம். சின் பெங் படத்தில் வரவே மாட்டார். அந்தந்த ஊரில் இன்று பிழைப்பு நடத்துபவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவார்கள். நடுநடுவே பழைய அரசாங்கப் பிரச்சாரப் படங்களின் பாணியில் பாட்டுகள். மலேரியாவுக்கு ஒரு பாட்டு, அடையாள அட்டைக்கு ஒரு பாட்டு. தணிக்கை வாரியம் வெட்டு இல்லாமல் அனுமதித்தது. 2006 மே மாதம், திரைக்கு வரச் சில நாள் இருக்கும்போது உள்துறை அமைச்சு தடை செய்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தனிக்காட்சி போட்டார்கள். பார்த்தவர்களில் சிலர் இதில் தடை செய்ய என்ன இருக்கிறது என்றே கேட்டார்கள். தடை நீங்கவில்லை. ரத்தம் கொட்டும் போர்ப்படமாக இருந்திருந்தால் அதை எந்த அலமாரியில் வைப்பது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மற்றபடி ஈப்போவுக்குச் சினிமா புதிதில்லை. ஆங் லீ 'லஸ்ட், காஷன்' எடுத்தபோது போர்க்காலத்து ஹாங்காங்காக ஈப்போவின் பழைய தெருக்கள் நடித்தன. அதற்கு முன்பு, 1999இல், 'அன்னா அண்ட் த கிங்' படத்தைத் தங்கள் நாட்டில் எடுக்கத் தாய்லாந்து அனுமதி தரவில்லை. படக்குழு மலேசியாவுக்கு வந்தது. ஈப்போவில் நிலம் பார்த்து, சயாம் மன்னரின் அரண்மனையை முழு அளவில் செட் போட்டார்கள். பேராக்கிலிருந்து சயாமுக்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள், சயாமைப் பார்க்க டவுனுக்கு பஸ் ஏறினால் போதும் என்றாகிவிட்டது.